ஏழு டிகிரி

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை. மற்றது உங்களுக்கே தெரியும்.

ஐந்து மாதமாக வாய் திறக்காத மனுஷன் திடீரென்று காகிதமும் பேனாவுமாக வந்து நிற்கிறாரே என்று நினைப்பீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் என் போன் இப்போது என் போன் இல்லை. பாப்பாவுக்கு வருகிற ஆர்டர், விசாரிப்பு எல்லாம் அதில்தான் வருகிறது. அது அவள் மேசையிலேயே குடியிருக்கிறது. உங்களிடமிருந்து ஏதாவது வந்தால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். அதனால் பதிலை வீட்டுக்கு அனுப்பாமல் என் தையல் மெஷின் ரிப்பேர் கடை முகவரிக்கே அனுப்புங்கள். இந்த வயதில் திருட்டுக் கடிதம் எழுதுகிறேன், அதுவும் மருமகனுக்கு. நான் படித்த ஒன்பதாம் வகுப்புக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா மெழுகுவர்த்தி செய்கிறாள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள், முதல் மாதம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். இரண்டாவது மாதம் ஒரு நாள் வாசலில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. சோயா மெழுகாம். பார்க்கச் சீவின சோப்பு மாதிரியே இருந்தது. நான் ஒரு கைப்பிடி எடுத்துத் துணி ஊறவைத்த வாளியில் போட்டுவிட்டேன். என்னுடைய இரண்டு சட்டைகள் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கின்றன.

வேலை எப்படி என்றால், கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்குகிறாள். வாசனை எண்ணெய் கலக்குகிறாள். சூடு இறங்கும்வரை தெர்மாமீட்டரும் கையுமாக நிற்கிறாள். பிறகு திரி நட்ட கண்ணாடி ஜாடியில் ஊற்றுகிறாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால் வயிற்றுவலி வந்த பெண் இது.

எங்கள் தெருக்கோடியில் பல் டாக்டரம்மா ஒருவர் புது கிளினிக் கட்டுகிறார். ஏப்ரல் இருபதாம் தேதி திறப்பு. மருந்து வாசனை மூக்கில் ஏறினாலே ஆட்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்களாம். ஹாலில் ஏற்றவும் வருகிறவர்களுக்குக் கையில் கொடுக்கவுமாக அறுபது ஜாடி கேட்டிருக்கிறார். ஜாடியையும் அவரே தேர்ந்தெடுத்தார், வாய் அகலமான ஜாடி. மாதிரிக்கு இரண்டு கொடுத்தோம். இரண்டும் திரும்பி வந்துவிட்டன. சுடர் திரியைச் சுற்றி மட்டும் உருக்கி, கிணறு தோண்டினாற்போல் கீழே இறங்கி, கடைசியில் அந்தக் கிணற்றிலேயே மூழ்கி அணைந்துவிடுகிறது. சுற்றிலும் மெழுகு சுவர் மாதிரி அப்படியே நிற்கிறது. போதாததற்கு மேலே, பழைய சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக.

போன வாரம் அடுப்படியில் அவள் உங்கள் அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “இந்த அறுபதும் ஒழுங்கா வந்தா இங்கயே இதையே தொழிலா வெச்சுக்கிட்டு இருந்துடுவேன். வரலேன்னா அவர்கிட்டயே போயிடறேன்மா. அவர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்.” அவர் என்ன சொன்னார் என்று உங்கள் அத்தை கேட்டாள். அவள் மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

ஆக, மாப்பிள்ளை, இந்த மெழுகு கெட்டால் உங்களுக்கு லாபம். அது தெரிந்தும் உங்களிடமே கேட்கிறேன். எதிரணி கோல்கீப்பரிடம் போய், எந்தப் பக்கம் அடித்தால் உள்ளே போகும் என்று கேட்கிற கதைதான். ஆனால் பெயின்ட் ஃபேக்டரி லேபில் பன்னிரண்டு வருஷமாகச் சூட்டையும் பசையையும் அளக்கிற ஆள் எனக்கு வேறு யாரையும் தெரியாது. தவிர, நீங்கள் தெரிந்தே தப்பாகச் சொல்ல மாட்டீர்கள். ஒரு தப்பைக் கண்டால் அதைச் சரி செய்யாமல் உங்களுக்குச் சோறு இறங்காது.

இப்படிக்கு,
வீட்டில் யாருக்கும் தெரியாமல்,
மாமா


மார்ச் 9

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன்.

வெள்ளையாகப் பூப்பது சோயா மெழுகின் இயல்பு. குறை அல்ல. ஜாடியை லேசாகச் சூடாக்கி வைத்து ஊற்றி, காற்றுப் படாமல் மெதுவாக ஆறவிட்டால் குறையும். அடியோடு போகாது. கிணறு போல் இறங்குவதற்குக் காரணம் திரி. ஜாடியின் அகலத்துக்குத் திரி மெல்லியதாக இருக்கிறது. இன்னும் தடித்த திரி போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தெர்மாமீட்டரைச் சோதியுங்கள். கடையில் வாங்கும் முள் வைத்த தெர்மாமீட்டர்களை நம்ப முடியாது. கொதிக்கும் தண்ணீரில் விட்டால் நூறு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதன் முதுகில் ஒரு சிறிய நட்டு இருக்கும், அதைத் திருகினால் சரியாகும். மெழுகை அறுபது டிகிரியில் ஊற்றுவது நல்லது. ஊற்றியபின் பத்து நாளாவது மூடி வைக்க வேண்டும். அதற்கு முன் ஏற்றினால் வாசனை வராது.

அவள் தெர்மாமீட்டரைச் சாய்த்துப் பிடித்துத்தான் பார்ப்பாள். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கெட்டால் எனக்கு லாபம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி வருவதானால் அவள் வர வேண்டாம்.

அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இப்படிக்கு,
தங்கள் மருமகன்


மார்ச் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். வயதுப் பையன்கள் பயந்து பயந்து எதை ஒளித்து வைப்பார்களோ, அந்த மாதிரி. சாப்பிடுகிறாள். நேரத்துக்கு என்று சொல்ல முடியாது, ஆனால் சாப்பிடுகிறாள்.

முதலில் திரி. தடித்த திரி ஒரு சுருள் வாங்கி, கடையில் சும்மா கிடந்தது என்று சொல்லி அவள் மேசையில் வைத்தேன். தையல் மெஷின் கடையில் மெழுகுவர்த்தித் திரி ஏன் சும்மா கிடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நல்லவேளை அவளும் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்துவிட்டு, “இத ஏற்கெனவே போட்டுப் பார்த்துட்டேன்பா. புகையுது, நுனியில கரி கட்டுது” என்று ஓரமாக வைத்துவிட்டாள்.

அடுத்தது தெர்மாமீட்டர். தினமும் காலை ஏழு மணிக்கு அவள் பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரப் போவாள். அந்த ஒரு மணி நேரம் வீடு என் கையில். உங்கள் அத்தையைத் துணி காயப்போட அனுப்பிவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி. முள் நூற்றேழில் போய் நின்றது. ஏழு டிகிரி பொய். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். என் பெண்ணை இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறதே என்று அதன் முதுகில் இருந்த நட்டைப் பிடித்தேன். மெஷினின் சின்ன நட்டுகளைத் திருகுகிற குட்டி ஸ்பேனர் அதற்கென்றே செய்த மாதிரி பொருந்தியது. நூறில் கொண்டுவந்து நிறுத்தினேன். இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தும் விட்டேன். நாற்பது வருஷ அனுபவம் மாப்பிள்ளை. ஒரு கீறல் விழவில்லை.

அவள் நோட்டையும் கொஞ்சம் புரட்டினேன். ஒரே எண்களாக இருந்தது. அட்டையின் உள்பக்கம் ஏழு என்று பெரிதாக எழுதி, சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறாள். ராசியான எண் போலிருக்கிறது.

இப்போதுதான் எனக்குப் புரியாத இடம் வருகிறது. அதற்கு மறுநாள் இருபத்துநான்கு ஜாடி ஊற்றினாள். காலையில் பார்த்தால், கிணறு பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை, ஏற்றுவதற்கு முன்பே பள்ளம் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு ஜாடியிலும் திரியை ஒட்டி ஒரு குழி. சிலதில் ஊசியால் குத்தினால் உள்ளே ஒரு பொந்தே இருக்கிறது. இதற்கு முன்னால் இப்படி ஆனதில்லையாம். அவள் இருபத்துநான்கையும் தரையில் வரிசையாக வைத்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் கணக்குச் சொல்லித் தரப் போனதும் உங்கள் அத்தையின் ஹேர் டிரையரை எடுத்து நாலு ஜாடியின் மேல்பக்கத்தை உருக்கிச் சமமாக்கினேன். திரும்பி வந்து பார்த்தவள், அந்த நாலு மட்டும் எப்படி நன்றாக வந்தது என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு அதே மாதிரி வரவைக்க இரண்டு நாளாகப் போராடுகிறாள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 22

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். திரியை ஒட்டிப் பள்ளம் விழுவது மெழுகை அதிகச் சூட்டில் ஊற்றுவதால் வரும், அல்லது வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறி நடுப்பக்கம் தாமதமாக ஆறுவதால் வரும். தெர்மாமீட்டர் இப்போது சரியாக இருப்பதால் முதல் காரணத்தை விட்டுவிடலாம். ஆகவே ஆறும் இடத்தில்தான் தவறு. ஜாடிகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். கலக்கும்போது அவள் வேகமாகக் கலக்குவாள், காற்றுக்குமிழி உள்ளே போய்விடும். ஒரே திசையில், மெதுவாக, இரண்டு நிமிடம் கலக்க வேண்டும். தடித்த திரி புகைந்தது என்றால் அவள் நுனியைச் சரியாக வெட்டியிருக்க மாட்டாள். மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். தனித் தாளில் எல்லாவற்றையும் அளவுகளோடு எழுதி இணைத்திருக்கிறேன். மொத்தம் பதினான்கு குறிப்புகள். தங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தால் சந்தேகம் வராது.

இன்னொன்று. எங்கள் ஆபீசில் கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. அவளுக்குப் பொருத்தமாக இருக்கும். அவசரம் இல்லை. அடுத்த மாதம்வரை சொல்லி வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தை நானே தயார் செய்துவிட்டேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்


மார்ச் 31

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை ஒளிந்து எழுதவில்லை. வீட்டு மேசையில் உட்கார்ந்து, எல்லார் கண்ணுக்கும் எதிரே எழுதுகிறேன். பிடிபட்ட ஆளுக்கு இனி என்ன வெட்கம்.

உங்கள் பதினான்கு குறிப்புகளை நான் என் கையெழுத்தில் எழுதத் தொடங்கி மூன்றாவதில் நிற்கும்போதுதான் அது நடந்தது. பாப்பா ஒரு முடிவோடு இறங்கியிருந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, மற்றதெல்லாம் அப்படியே இருப்பது. ஒரு நாள் ஜாடியைச் சூடாக்கிப் பார்த்தாள், பள்ளம். மறுநாள் துணி போட்டுப் பொத்தி ஆறவிட்டாள், பள்ளம். அடுத்த நாள் மெதுவாகக் கலக்கினாள். நீங்கள் சொன்ன அதே மெதுவாக, நீங்கள் சொல்லாமலே. அதற்கும் பள்ளம். நாலாம் நாள், மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்று தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தெர்மாமீட்டரை உள்ளே விட்டாள்.

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். முள் விறுவிறுவென்று ஏறி நூறில் கச்சிதமாக நின்றது. பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறின மாதிரி எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அவள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது.

“அப்பா, இத யாரு தொட்டது?”

“ஏம்மா, சரியாத்தானே காட்டுது?”

“அதான் கேக்கறேன். சரியா காட்ட வெச்சது யாரு?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் கை அதுபாட்டுக்கு ஸ்பேனர் இருந்த பையைப் பொத்திக்கொண்டது. முப்பது வருஷமாக என்னைப் பார்க்கிறவளுக்கு வேறு சாட்சி வேண்டுமா.

அவள் கத்தவில்லை. நோட்டை எடுத்து அட்டையின் உள்பக்கத்தைக் காட்டினாள். அந்த ஏழு. “வாங்கின அன்னிக்கே பார்த்துட்டேன்பா, இது ஏழு டிகிரி கூடக் காட்டும். அறுபதுல ஊத்தணும்னா இதுல அறுபத்தேழு வந்ததும் ஊத்தணும். நாலு மாசமா அப்படித்தான் ஊத்தறேன். நீங்க நட்டத் திருகினதுக்கு அப்புறமும் அறுபத்தேழுலதான் ஊத்தினேன்.”

மாப்பிள்ளை, புரிகிறதா? அவள் ஏற்கெனவே சரி செய்திருந்ததை நான் போய் இன்னொரு தடவை சரி செய்துவிட்டேன். உண்மையாகவே ஏழு டிகிரி அதிகச் சூட்டில் ஊற்றியிருக்கிறாள். பள்ளம் ஏன் விழாது. தெர்மாமீட்டர் சரியாக இருப்பதால் அந்தக் காரணத்தை விட்டுவிடலாம் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த வரியை அவளிடம் காட்டினேன். சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

“நான் நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா...” என்று இழுத்தேன்.

“தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருந்ததுப்பா. அத வெச்சுக்கிட்டே சரியா செஞ்சுக்கிட்டிருந்தேன். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

உங்கள் அத்தை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “மாமனாரும் மருமகனும் சேர்ந்து கடுதாசி எழுதினதுக்குக் குழியோட போச்சேன்னு சந்தோஷப்படு. வீடே விழுந்திருக்கும்.” சட்டையைத் துவைக்கும்போது உங்கள் முதல் கடிதத்தையே படித்திருக்கிறாள். நான் ஹேர் டிரையர் எடுத்ததும் தெரியுமாம். எதுவரை போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கடிதங்களைப் பாப்பா கேட்டாள். கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தாள். பதினான்கு குறிப்புகளையும். விண்ணப்பம் தயார் என்ற வரியை இரண்டு தரம் படித்தாள். பிறகுதான் இத்தனை மாதமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

நான் என்னென்னவோ நினைத்திருந்தேன் மாப்பிள்ளை. குடியோ, வேறு பெண்ணோ, கை நீட்டினீர்களோ என்று. கேட்கவும் பயம். அவள் சொன்னது, நீங்கள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை என்பதுதான். அவள் போர்வையை மடித்து வைத்தால் நீங்கள் வந்து பிரித்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி மறுபடி மடிப்பீர்களாம். அவள் பூட்டிய கதவை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பீர்களாம். அவள் எழுதிய வேலை விண்ணப்பத்தை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் புதிதாக எழுதி வைத்திருப்பீர்களாம். அது அவளுடையதைவிட நன்றாகவும் இருக்குமாம். “அதுதாம்பா கஷ்டம். எப்பவும் அவர் செஞ்சது நல்லாத்தான் இருக்கும். நாலு வருஷத்துல எனக்கு எதுவுமே செய்யத் தெரியாதுன்னு நானே நம்பிட்டேன்.” என் பையில் ஸ்பேனர் இருந்தது.

உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டத் தொடங்கினால் முதல் பாதி என் தலையில்தான் விழும். நீங்களாவது அவளுக்குத் தெரியும்படி திருத்தினீர்கள். நான் அவள் வெளியே போகிற நேரம் பார்த்துத் திருத்தினேன். உங்களுடையது எவ்வளவோ நேர்மை.

அவள் ஸ்பேனரை என்னிடம் வாங்கி, தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்தபடியே நட்டைத் திருகி, முள்ளை மறுபடி நூற்றேழுக்குக் கொண்டுபோனாள். நாலு மாத நோட்டு முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறதாம். சரியாக இருந்த ஒரு கருவியை, என் கடை ஸ்பேனரால், என் கண்ணெதிரே தப்பாக்கினாள். என் கை நமநமவென்றது. அடக்கிக்கொண்டேன்.

இருபத்துநான்கு ஜாடி மெழுகையும் உருக்கி ஒரு பாத்திரத்தில் ஊற்றிவிட்டாள். ஏற்கெனவே எண்ணெய் கலந்து இரண்டு தரம் சூடேறியதை டாக்டரம்மாவுக்குக் கொடுக்க மாட்டாளாம். புது மூட்டை ஏப்ரல் நாலாம் தேதி வரும். பத்து நாள் மூடி வைக்கக் கழித்தால் ஒன்பதாம் தேதிக்குள் அறுபதையும் ஊற்றியாக வேண்டும். ஐந்து நாள். முடியுமா என்று கேட்டேன். “ஒரு நாளைக்குப் பன்னெண்டு. எண்ணிப் பாருங்க” என்றாள்.

கிணற்றுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டாள். நேற்று என் கடைக்கு வந்தவள், ஒரே காம்பில் இரண்டு ஊசி பொருத்திய இரட்டைத் தையல் ஊசியைக் கையில் எடுத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய், பழைய மெழுகை வைத்து, தடித்த திரி ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய திரி இரண்டு நட்டாள். இன்று காலை ஏற்றினோம். இரண்டு சுடரும் தங்கள் தங்கள் பக்கத்தை உருக்கி, மூன்று மணி நேரத்தில் மெழுகு ஓரம்வரை கண்ணாடி மாதிரி உருகி நின்றது. புகை இல்லை. கரி இல்லை. உங்கள் பதினான்கில் இது இல்லை. என் நாற்பது வருஷத்திலும் இல்லை.

ஆபீஸ் வேலையை அவளுக்காகப் பிடித்து வைக்க வேண்டாம். ஏப்ரல் இருபது எப்படிப் போனாலும். அதை அவள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். இது ஒன்றை மட்டும் அவளைக் கேட்காமல் சொல்கிறேன், இதுதான் கடைசி.

குறிப்புகளும் இனி வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 7

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு பதில் எழுதினேன். பாதிக்கு மேல் இரண்டு திரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதாக இருந்தது. கிழித்துவிட்டேன். மறுநாள் எழுதியதில், நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்குக் காரணங்கள் இருந்தன. வரிசை எண் போட்டிருந்தேன். அதையும் கிழித்தேன்.

போர்வை எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இன்று காலை எழுந்ததும் என் போர்வையை மடித்தேன். ஓரம் பொருந்தவில்லை என்று கை தானாகப் பிரித்தது. அப்போதுதான் தெரிந்தது. கதவும் அப்படித்தான் இருந்திருக்கும். அவள் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

திருத்துவதற்கு ஒன்றும் இல்லையென்றால் ஒரு கடிதத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

அறுபதும் நன்றாக வர வேண்டும். இதை நிஜமாகத்தான் எழுதுகிறேன்.

மருமகன்


ஏப்ரல் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, படிக்கத் தரட்டுமா என்று பாப்பாவிடம் கேட்டேன். பார்த்தீர்களா, நானும் கேட்கப் பழகிவிட்டேன். இப்போதெல்லாம் உங்கள் அத்தையிடம்கூட மின்விசிறியைப் போடலாமா என்று கேட்கிறேன். அவளுக்குப் பயம் வந்து டாக்டரிடம் காட்டலாம் என்கிறாள்.

பாப்பா, கிளினிக் திறப்பு முடிந்ததும் படிக்கிறேன் என்றாள். மெழுகு மூட்டை நாலாம் தேதிக்குப் பதில் ஐந்தாம் தேதி சாயங்காலம்தான் வந்தது. ஒரு நாள் போயிற்று. பன்னிரண்டு பதினைந்தானது. எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். ஜாடியின் குறுக்கே குச்சி வைத்து இரண்டு திரியும் நேராக நிற்கும்படி துணிக் கிளிப்பால் பிடித்து வைப்பது. அவ்வளவுதான். எண்ணெய்ப் பக்கம் வரக்கூடாது, அடுப்புப் பக்கம் வரக்கூடாது, தெர்மாமீட்டர் இருக்கிற அறைக்குள் ஸ்பேனரோடு வரவே கூடாது. வாசலில் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். நூற்றிருபது திரி. ஒன்றுகூடச் சாயவில்லை. சொந்தப் பெருமை என்று நினைக்க வேண்டாம், அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

எட்டாம் தேதி ஊற்றிய பதினைந்தில் இரண்டில் மேல்பக்கம் சொரசொரவென்று வந்துவிட்டது. என் கண் ஹேர் டிரையர் இருந்த அலமாரிப் பக்கம் போனது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு மறுநாள் கணக்கில் இரண்டைச் சேர்த்துக்கொண்டாள். ஒன்பதாம் தேதி மதியம் அறுபதாவது ஜாடியை ஊற்றிவிட்டு, அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனாள்.

இருபதாம் தேதி கிளினிக் திறப்புக்கு நாங்கள் மூவரும் போனோம். ஹாலில் பத்து ஜாடி ஏற்றி வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன், கிணறு இல்லை, புகை இல்லை. மருந்து வாசனையே தெரியவில்லை. முதலில் வந்த ஆள் வாயைத் திறந்தாராம். வாசனைக்காகத் திறந்தாரா, டாக்டரம்மா முறைத்ததால் திறந்தாரா என்று எனக்குத் தெரியாது. இனி மாதம் இருபது ஜாடி வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அவருடைய தங்கை நடத்துகிற புத்தகக் கடைக்கும் கேட்டிருக்கிறார்கள். பாப்பா தலையை ஆட்டிவிட்டு, தேதியை நோட்டில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மெழுகாக இருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்துதான் உங்கள் கடிதத்தைப் படித்தாள். நின்றுகொண்டே படித்தாள். போர்வை என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் அது அவள் நோட்டுக்குள்ளேயே இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு ஜாடியைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்து, உங்கள் முகவரியை அவள் கையாலேயே எழுதி என்னிடம் கொடுத்தாள். இதோடு அனுப்புகிறேன். டாக்டரம்மாவுக்குச் செய்த அறுபதில் சேர்ந்தது இல்லை, அதற்கப்புறம் ஊற்றியது. மே மாதம் ஐந்தாம் தேதிக்கு மேல்தான் ஏற்ற வேண்டுமாம். கூட ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன், பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“அப்பா, அவர் அத ஏத்தி, எப்படி எரியுதுன்னு எழுதச் சொல்லுங்க. எப்படி எரியணும்னு வேண்டாம். எப்படி எரியுதுன்னு மட்டும்.”

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ஒரு எழுத்தைக்கூட நான் சரி செய்யவில்லை.

ஒன்று மட்டும். அந்தக் கடிதத்தை எனக்கு எழுத வேண்டாம், மாப்பிள்ளை. என் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து பாப்பா அதை எடுத்துக்கொள்கிறாள். மெழுகும் அங்கே, அவளும் அங்கே. அதே கதவு எண்தான், மாடி என்று சேர்த்துப் போட்டு, அவள் பெயருக்கே எழுதுங்கள். எப்போதாவது நேரில் வருவதாக இருந்தாலும், மாடிப்படி வெளியிலேயே இருக்கிறது. என் கடை வழியாக வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மாமா